பொய்த் தட்டு

தீனியம்மாவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர அது வேறெங்கும் புழங்கவில்லை. மீன் காட்சியகத்தில் இருபத்தாறு வருஷமாக மீன்களுக்குத் தீனி வெட்டிப் போடுகிறவள் என்பதால் எல்லோருக்கும் அவள் தீனியம்மா. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினால், "பயப்படாதீங்க, வாசனை கையிலதான், மனசுல இல்ல" என்று அவளே முந்திக்கொள்வாள். அதற்குப் பிறகு இறங்குமிடம் வரை பேச்சு ஓயாது.

காட்சியகம் என்றதும் இப்போது எல்லோருக்கும் நினைவுக்கு வருகிற கண்ணாடிச் சுரங்கமும், சுழலும் கதவும், சறுக்குமரம் வைத்த தோட்டமும் அந்த நாளில் கிடையாது. கடற்கரைச் சாலை முடிகிற இடத்தில் கிடங்கு மாதிரி ஒரு நீளக் கட்டிடம். உள்ளே பதினெட்டுத் தொட்டிகள். அதில் நாலைந்தில் விளக்கு எரியாது. மழைக்கு ஒதுங்கியவர்களும், வீட்டுக்குத் தெரியாமல் சந்தித்துக்கொள்கிற ஜோடிகளும்தான் பார்வையாளர்கள். இரண்டு கூட்டத்துக்குமே மீன் முக்கியமில்லை. மற்ற நாட்களில் கட்டிடம் காற்று வாங்கும். டிக்கெட் கிழிப்பவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிடுவார். தப்பித் தவறி யாராவது வந்தால் அவரை எழுப்பித்தான் உள்ளே போக வேண்டும்.

வருகிறவர்கள் பார்ப்பது கண்ணாடியின் முன்பக்கத்தை. வேலை செய்கிறவர்களுக்குப் பின்பக்கம்தான் உலகம். தொட்டிகளுக்குப் பின்னால் ஒரு ஆள் மட்டும் போகிற அகலத்தில் ஒரு நடைவழி இருந்தது. தரை எப்போதும் ஈரம், சுவரெல்லாம் உப்புப் பூத்திருக்கும். நடைவழியின் இந்தக் கோடியில் தீனி அறை. அங்கே காலை ஏழு மணிக்கெல்லாம் தீனியம்மா பலகையும் கத்தியுமாக உட்கார்ந்து மத்தியையும் கணவாயையும் வெட்ட ஆரம்பித்துவிடுவாள். பொடி மீன்களுக்கு விழுது, நடுத்தரத்துக்கு விரல் நகம் அளவு, பெரியவற்றுக்கு முழுத் துண்டு, ஆமைக்கு முட்டைக்கோஸ் இலை. தொட்டிக்கு ஒரு கிண்ணம். அந்தக் கோடியில் மோட்டார் அறை. அங்கே இருந்தவர் அவள் புருஷன், மோட்டார்காரர்.

ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே இடத்தில் வேலை பார்த்து, ஒரே பஸ்ஸில் திரும்புகிறீர்களே, சலிக்கவில்லையா என்று யாராவது கேட்டால், நடுவில் பதினெட்டுத் தொட்டி இருக்கிறதே, அந்தத் தூரம் போதாதா என்பாள் தீனியம்மா.

மீனுக்குத் தீனி போடும்போது தொட்டியில் தண்ணீர் ஓடக் கூடாது. ஓடினால் போடுகிறதெல்லாம் மீன் வாய்க்குப் போகாமல் வடிகட்டிக்குப் போய் அடைத்துக்கொள்ளும். ஆகவே முதலில் எல்லாத் தொட்டிகளின் தண்ணீர் மோட்டாரையும் ஒருசேர நிறுத்த வேண்டும். நிறுத்தியாகிவிட்டது என்று அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குச் சொல்லியாக வேண்டும். காற்று அனுப்புகிற மோட்டார்களின் இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. மோட்டார்காரர் அதிகம் பேசாத ஆள். கத்துவது அவருக்குச் சுத்தமாக ஆகாது. அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். தொட்டிகளுக்கு மேலே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே இரும்புக் குழாய் ஓடியது. ஸ்பேனரால் அதில் மூன்று தட்டு. டங், டங், டங். இங்கே தீனியம்மா கத்தியைக் கீழே வைப்பாள், கிண்ணத்தை எடுப்பாள், எழுந்துவிடுவாள். பத்தொன்பது வருஷம் தினமும் இப்படித்தான்.

குழாயில் தட்டினால் அந்தச் சத்தம் தண்ணீருக்குள்ளும் இறங்கும். இதை முதலில் கண்டுகொண்டது மனிதர்கள் இல்லை, பன்னிரண்டாம் தொட்டியில் இருந்த களவா மீன். உள்ளங்கை அளவில் நண்டுக் கூட்டில் சிக்கி வந்தது அது. பாறை இடுக்கில் ஒளிந்துகொண்டு வாயை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வாயைப் பார்த்து மோட்டார்காரர் வைத்த பெயர்தான் வாயன். வளர வளரப் பெயர் இன்னும் பொருந்திப்போயிற்று. ஏழெட்டு வருஷத்தில் ஒரு ஆள் படுத்த நீளத்துக்கு வளர்ந்துவிட்டான். பகல் முழுக்க பாறைக் குகையை விட்டு அசைய மாட்டான். கண்ணாடிக்கு வெளியே தலைகீழாக நின்றாலும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டான். ஆனால் மூன்று தட்டு விழுந்ததோ இல்லையோ, தீனியம்மா நடைவழியில் வந்து சேர்வதற்குள் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பான்.

"உனக்கு முன்னாடி அவன் வந்துடறான் பாரு. நீதான் லேட்டு" என்று மோட்டார்காரர் கிண்டல் செய்வார்.

அவருக்கு அதில் ஒரு கண்டிப்பு இருந்தது. ஒரு முறை குழாய் மரை முடுக்க வந்த வெளியாள் ஒருவன் கை தவறி ஸ்பேனரைக் குழாய்மேல் போட்டுவிட்டான். அது உருண்டு மூன்று முறை மோதியது. நடுப்பகல், தீனி நேரமில்லை. வாயன் மேலே வந்து நின்றுவிட்டான். மோட்டார்காரர் தன் அறையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து, ஏதாவது இருந்தால் போடு என்றார். இப்போது எதற்கு, காலையில்தானே தின்றான் என்றாள் தீனியம்மா.

"சத்தம் கொடுத்தாச்சு. கொடுத்துட்டு ஏமாத்தக் கூடாது" என்றார். "அதுக்கு நம்மகிட்ட இருக்கிற ஒரே பேச்சு இதுதான். அதுல பொய் சொல்லிட்டா அப்புறம் நூறு தட்டு நிஜமாத் தட்டினாத்தான் மறுபடி நம்பும்."

பொய்த் தட்டு என்று அதற்குப் பெயரும் வைத்தார். பொய்த் தட்டு தட்டக் கூடாது என்பது அந்த நடைவழியில் எழுதப்படாத சட்டம். எழுதிய சட்டம் ஒன்றும் இருந்தது. 'கண்ணாடியைத் தட்டாதீர்கள்' என்று முன்பக்கம் ஒவ்வொரு தொட்டியிலும் ஒட்டியிருந்தார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் அனைவரும் அதைப் படித்துக்கொண்டே தட்டினார்கள்.

வீட்டிலும் அவர் அப்படித்தான். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் வாயைத் திறந்து கேட்க மாட்டார். கரண்டியால் தட்டில் மூன்று தட்டு. "மோட்டார நிறுத்திட்டேன்" என்பார். மகள் சிறு பெண்ணாக இருந்தபோது விழுந்து விழுந்து சிரிப்பாள். பெரியவளாகி, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு, புருஷன் வீட்டில் மறதியாக ஒரு நாள் அப்படித் தட்டிவிட்டு அசடு வழிந்ததாகச் சொன்னாள். கடைசியில் மோட்டார்காரர் வயிற்றில் கட்டி வந்து ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்தபோதும், தண்ணீர் வேண்டுமென்றால் கட்டில் கம்பியில் மூன்று தட்டுதான். அப்போது ஸ்பேனர் இல்லை, கல்யாண மோதிரம். முதல் வாரம் நர்ஸுக்கே கேட்கிற மாதிரி இருந்தது. போகப் போக தீனியம்மாவுக்கு மட்டும் கேட்டது.

அவர் போன பிறகு மோட்டார் அறைக்கு வந்த புது ஆள் நல்ல பையன்தான். ஒவ்வொரு தொட்டியின் பக்கத்திலும் ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்துவிட்டான். தீனி போடுகிறவளே அமுக்கி மோட்டாரை நிறுத்திக்கொள்ளலாம். யாரும் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. பதினேழு தொட்டி மீன்களும் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வாயன் மட்டும் வெளியே வரவில்லை. துண்டுகள் தண்ணீரில் மிதந்து, ஊறி, அடியில் போய்ப் படிந்தன. ஐந்தாம் நாள் தீனியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. மோட்டார் அறையின் இழுப்பறையில் கிடந்த அவருடைய ஸ்பேனரை எடுத்து வந்தாள். பொத்தானை அமுக்கினாள். குழாயில் மூன்று தட்டு தட்டினாள்.

வாயன் வந்தான். வாயைத் திறந்துகொண்டு அப்படியே நின்றான்.

ஆஸ்பத்திரியிலும் அழாதவள், வீட்டில் கூட்டம் கூடியபோதும் அழாதவள், அந்த ஈர நடைவழியில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள். அந்தத் தட்டுக்குப் பதில் சொல்ல உலகத்தில் இன்னும் ஒருவன் இருக்கிறான் என்பது அவளுக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம் லேசாகச் சொல்லப் பார்த்தாள். "அம்மா, அது மீன்மா" என்றாள் மகள். உண்மைதானே, மீன்தான்.

மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. காட்சியகத்தை மூடிவிடலாம் என்ற பேச்சு அடிபட ஆரம்பித்திருந்தது. அப்போதுதான் புது மேலாளர் வந்தாள். முப்பது வயதுதான் இருக்கும். வந்த அன்றே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடைவழிக்குள் நுழைந்த முதல் மேலாளர் அவள்தான். இந்த இடத்தைப் பிழைக்க வைக்க என்ன இருக்கிறது என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தாள். தீனியம்மாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. பெருமையும் சேர்ந்துகொண்டது. "ஒண்ணு காட்டறேன், வாங்க மேடம்" என்று பன்னிரண்டாம் தொட்டிக்குக் கூட்டிப்போய், மூன்று தட்டு தட்டிக் காட்டினாள். அந்தப் பெருமையை நினைத்து நினைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது என்று பின்னால் சொல்லுவாள். ஆனால் அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

மேலாளர் வாயனைப் பார்த்தாள். அடுத்த வாரமே பன்னிரண்டாம் தொட்டிக்கு முன்னால் பெஞ்சுகள் வந்தன. தினமும் பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் 'கூப்பிட்டால் வரும் மீன்'. பின்பக்கத் தடுப்பை எடுத்துவிட்டார்கள். தட்டுகிறவளும் தெரிய வேண்டுமாம். தீனியம்மா ஸ்பேனரும் கிண்ணமுமாக நிற்பாள், தட்டுவாள், வாயன் வருவான், தின்பான். அவ்வளவுதான் காட்சி. அதைப் பார்க்கப் பள்ளிக்கூட வண்டிகள் வரிசை கட்டின. தட்டினதும் தீனி விழுந்ததால் அவளுக்கும் அதில் மனக்குறை இல்லை. டிக்கெட் கிழிப்பவருக்குத் தூக்கம் போயிற்று. எரியாத விளக்குகள் எரிந்தன. நாலு வருஷத்தில் பக்கத்து மைதானத்தில் புதுக் கட்டிடமே எழும்பிவிட்டது. நடுவில் மனிதர்கள் நடந்துபோகிற கண்ணாடிச் சுரங்கம், சுற்றிலும் கடல் மாதிரி ஒரே பெரிய தொட்டி. வாசல் சுவரில் வாயன் படமும் ஸ்பேனர் படமும் இரண்டு ஆள் உயரத்துக்கு வரைந்தார்கள்.

பழைய கட்டிடத்தை இடிக்க நாள் குறித்தாகிவிட்டது. மீன்கள் ஒவ்வொன்றாகப் புது இடத்துக்குப் போயின. வாயனுக்குத்தான் வழி தெரியவில்லை. இரண்டு நாள் வலை போட்டார்கள். முக்குளிப்பவர் இறங்கிப் பார்த்தார். குகைக்குள் போய்ச் செவுளை விரித்து உடம்பை இறுக்கிக்கொண்டால் எந்தக் கொம்பனாலும் அவனை வெளியே இழுக்க முடியாது. பாறையை உடைத்தால் மீனுக்கு அடிபடும். வேறு வழியில்லாமல் மேலாளர் தீனியம்மாவிடம் வந்தாள்.

"அக்கா, நீங்க தட்டினா வந்துடுவான்."

மீன்களைப் பார்க்கிற மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்: இடம் மாற்றுவதற்கு முன்னால் மூன்று நாள் பட்டினி போட வேண்டும், வயிற்றில் ஏதாவது இருந்தால் வழியில் கக்கித் தண்ணீரைக் கெடுத்துக்கொள்ளும். ஒரே ஒரு துண்டாவது போடட்டுமா என்று தீனியம்மா கேட்டாள். ஒரு துண்டுகூடக் கூடாது என்றார் அவர். தட்டாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். இடிப்பதற்காகத் தொட்டித் தண்ணீரை வடியவிட்டாகிவிட்டது, குகையோடு கிடந்து சாகும் என்றார். அவரும் பொய் சொல்லவில்லை.

அவள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பன்னிரண்டாம் தொட்டிக்குப் போனாள். பிறகு பொத்தானை அமுக்கினாள். பழக்கத்தில் இடது கையில் கிண்ணம் இருந்தது, காலிக் கிண்ணம். தட்டினாள்.

மூன்று நாள் பசியில் வாயன் என்றைக்கும் இல்லாத வேகத்தில் வந்தான். வாயை முழுசாகத் திறந்துகொண்டு அவளுக்கு நேர் கீழே நின்றான். வலை விழுந்தது. ஐந்து பேர் இழுத்தார்கள். தார்ப்பாய்க்குள் புரட்டிப் போடும்போது தாடை தொட்டி விளிம்பில் உரசித் தோல் கிழிந்தது. தூக்கிக்கொண்டு போகும்போது அவன் கண் அவள் பக்கம் இருந்தது. மீன் கண்ணுக்கு இமை கிடையாது, அது எந்தப் பக்கமும்தான் பார்க்கும் என்று முக்குளிப்பவர் ஆறுதல் சொன்னார். அவள் ஸ்பேனரைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

புதுத் தொட்டியில் வாயன் பிழைத்துக்கொண்டான். காயம் ஆறியது. முக்குளிப்பவர் கோலில் குத்தி நீட்டுகிற துண்டைத் தின்னவும் பழகிவிட்டான். புதுக் கட்டிடத்தில் எல்லாமே பிளாஸ்டிக் குழாய், தட்டினால் ஓசை வராது என்பதற்காகப் பழைய இரும்புக் குழாயில் ஒரு முழத்தை அறுத்து வந்து தொட்டி விளிம்பில் பொருத்தியிருந்தாள் மேலாளர். "உங்களுக்காகத்தான்க்கா" என்றாள். நிஜமாகவே அன்போடுதான் சொன்னாள்.

திறப்பு விழாவன்று சுரங்கம் கொள்ளாத கூட்டம். வாயன் தொட்டியின் நடுவில், எல்லோர் தலைக்கும் மேலே, சாவகாசமாக நின்றுகொண்டிருந்தான். தீனியம்மா கிண்ணம் நிறையக் கணவாய்த் துண்டுகளை எடுத்துக்கொண்டு மேலே போய் நின்றாள். மூன்று தட்டு தட்டினாள். வாயன் உடம்பை ஒரு சுண்டு சுண்டி, கூட்டத்தின் தலைக்கு மேலாகப் பாய்ந்து, கோடியில் இருந்த பாறை இடுக்கில் புகுந்துகொண்டான். கூட்டம் ஆரவாரம் செய்தது. கைதட்டல் மேலே வரை கேட்டது.

மேலாளர் படியேறி ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. என்ன வேகம், என்ன வேகம் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"அவன் வரல மேடம். ஓடறான்" என்றாள் தீனியம்மா.

மேலாளர் சிரிப்பை நிறுத்தினாள். "பாக்கிறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதானேக்கா" என்றாள்.

காட்சியில் இனித் தட்ட மாட்டேன் என்று தீனியம்மா சொல்லிவிட்டாள். மேலாளர் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு மாதம் கதவு மராமத்து என்று காட்சியை நிறுத்தியே வைத்தாள். அந்த ஒரு மாதத்தில்தான் தீனியம்மாவுக்கு நம்பிக்கை வந்தது. நூறு தட்டு நிஜமாகத் தட்டினால் மறுபடி நம்பும் என்று அவர் சொல்லியிருந்தாரே. காட்சியகம் திறப்பதற்கு முன்னால் காலையில் ஒரு தடவை, மூடிய பிறகு சாயங்காலம் ஒரு தடவை, கிண்ணத்தோடு மேலே போவாள். மெதுவாகத் தட்டுவாள். வாயன் ஓடி ஒளிந்துகொள்வான். பரவாயில்லை என்று அந்த இடுக்கின் வாசலில் துண்டுகளைப் போட்டுவிட்டு இறங்கிவிடுவாள். சுவரில் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டு வந்தாள். நாற்பதாவது கோட்டுக்குப் பிறகு அவன் முழுசாக ஒளிவதை நிறுத்தினான். ஐம்பத்து மூன்றாவது தட்டுக்கு இடுக்கிலிருந்து வாய் மட்டும் வெளியே வந்தது, சின்னதாக இருந்தபோது வந்த மாதிரி. அன்று அவள் மகளுக்குப் போன் பண்ணி எதையெதையோ பேசிக்கொண்டிருந்துவிட்டு, காரணம் சொல்லாமலே வைத்துவிட்டாள்.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை காட்சி மறுபடி ஆரம்பமானது. திறப்பு விழாவில் எடுத்த வீடியோப் படத்திலிருந்து மூன்று தட்டுச் சத்தத்தை மட்டும் பிரித்தெடுத்து, தண்ணீருக்குள்ளும் கட்டிடம் முழுவதும் கேட்கிற மாதிரி ஒலிபெருக்கி வைத்துவிட்டார்கள். தட்ட ஆள் தேவையில்லை. தீனியும் தேவையில்லை, தீனி விழுந்தால் பாய்ச்சலில் வேகம் குறைகிறதாம். பதினொரு மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று. தினமும் இரண்டு பொய்த் தட்டு.

தீனியம்மா மேலாளர் அறைக்குப் போனாள். நின்றபடியே, நூறு கணக்கையும் மோட்டார்காரரையும் அந்தக் காலிக் கிண்ணத்தையும் சொன்னாள். மேலாளர் முழுசாகக் கேட்டாள். கண் கலங்கவும் செய்தது. ஆனால் இந்த மாதம் முழுக்கப் பள்ளிக்கூடங்கள் பதிவு செய்திருக்கின்றன, வாயனைப் பார்க்கத்தான் வருகிறார்கள், அவனை வைத்துத்தான் மற்ற இருநூறு மீனுக்கும் தண்ணீர் ஓடுகிறது என்றாள். அது நிஜம். மூடப்போகிற கட்டிடத்தைத் தீனியம்மாவும்தானே பார்த்திருக்கிறாள்.

மேலும் நாலு நாள் தட்டிப் பார்த்தாள். வாய் வெளியே வரவில்லை. ஐந்தாம் நாள் துணியை நனைத்து, சுவரில் இருந்த கோடுகளைத் துடைத்தாள். ஸ்பேனரை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

புதுத் தீனி அறை பெரியது, வெளிச்சமானது. எவர்சில்வர் மேஜை, நின்றுகொண்டு வெட்ட வேண்டும். அவளோடு இப்போது இன்னும் மூன்று பெண்கள். மோட்டார்கள் எங்கே இருக்கின்றன என்றே யாருக்கும் தெரியாது. எல்லாம் தானாக ஓடி, தானாக நிற்கும். கூரையில் வட்டமாக ஒரு ஒலிபெருக்கி. அதில் அறிவிப்பு வரும், தொலைந்துபோன குழந்தைகளின் பெயர் வரும், பாட்டும் வரும். தீனியம்மா எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் வெட்டிக்கொண்டிருப்பாள்.

பதினொரு மணி ஆயிற்று. டங், டங், டங்.

அவர் தட்டின அதே இடைவெளி. பத்தொன்பது வருஷம் கேட்டு அவள் கைக்கு வந்த இடைவெளி. தீனியம்மா கத்தியைக் கீழே வைத்தாள். கிண்ணத்தை எடுத்தாள். கதவு வரைக்கும் போய்விட்டாள்.

"எங்கக்கா கிளம்பிட்டீங்க?" என்று பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

"மோட்டார நிறுத்திட்டாரு" என்றாள் தீனியம்மா.

சொன்ன பிறகுதான் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். சுரங்கத்தின் பக்கமிருந்து கைதட்டல் கேட்டது. வாயன் ஓடி ஒளிந்திருப்பான். ஒரே ஒரு நாள் ஏமாந்தான், பாடம் கற்றுக்கொண்டுவிட்டான். அவள் திரும்பி வந்து கத்தியை எடுத்தாள். நாலு மணிக்கு மறுபடி கத்தியைக் கீழே வைத்தாள், கிண்ணத்தை எடுத்தாள்.